நாட்காட்டித் தாளில் ஒரு பந்தயத் தளம்

அன்புள்ள ஐயா,

சனிக்கிழமை உங்கள் மகன் என் மேசை நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்தை வரைந்து, எந்த வளைவில் எந்த இடத்தில் பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று புள்ளி வைத்துக் காட்டினான். நீங்கள் மதிப்பெண் பட்டியலிலிருந்து தலை நிமிரவேயில்லை. பந்தய ஓட்டுநராக வேண்டும் என்பது அவன் ஆசை. "நரேன் கார்த்திகேயன் மட்டும் எப்படி ஆனார்?" என்று, கார் பந்தயத்தின் உச்சமான ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரைச் சொல்லி அவன் கேட்டான். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

நரேனின் தந்தை தென்னிந்திய ராலி கார் பந்தயத்தை ஏழு முறை வென்றவர். அந்த வீட்டில் பந்தயம் புதிதல்ல. பிரான்ஸில் உள்ள வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்கு நரேன் போனபோது வயது 15. ஃபார்முலா ஆசியா பட்டம் 1996இல் கிடைத்தது. ஃபார்முலா ஒன் இருக்கையோ 2005இல், 28 வயதில்தான். அந்த உயரத்துக்குப் போகும் வழியில் கார் ஓட்டுவது பாதி வேலை, ஸ்பான்சர் பிடிப்பது மீதிப் பாதி. கூச்ச சுபாவமுள்ள உங்கள் பையனுக்கு இரண்டாவதுதான் கடினம்.

அதே 2005இல், அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில், டயர் தாங்காது என்று 14 கார்கள் தொடக்கத்திலேயே ஒதுங்கின. மிஞ்சிய ஆறில் நரேன் நான்காவதாக வந்தார், 5 புள்ளிகள். 46 ஃபார்முலா ஒன் பந்தயங்களில் அவர் எடுத்த புள்ளிகளே அவ்வளவுதான். இந்தியாவிலிருந்து முதலில் போனவரின் கணக்கு இது. பிறகு வில்லியம்ஸ் அணியில் சோதனை ஓட்டுநர், அமெரிக்காவில் டிரக் பந்தயம், ஜப்பானில் பல ஆண்டுகள். பின்னர் பழைய இருசக்கர வாகனங்களைச் சீரமைத்து விற்கும் 'டிரைவ்எக்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். சுவரொட்டியில் இருப்பவரைத்தான் பையன் பார்த்திருக்கிறான்; நாற்பது வயதுக்கு மேல் புதுத் தொழில் தொடங்கியவரையும் அவனுக்குக் காட்டுங்கள்.

ஒளிக்காமல் சொல்கிறேன்: சின்னப் பந்தய வண்டியான கார்ட்டில்கூட உட்காராத 17 வயதுப் பையனுக்கு ஃபார்முலா ஒன் வாய்ப்பு இல்லை. வீட்டை அடகு வைக்கும் பேச்சே வேண்டாம். ஆனால் அந்த நாட்காட்டித் தாளைப் பார்த்த பிறகு, அவனைப் பந்தயத்தை விட்டு விலக்கவும் எனக்கு மனமில்லை. மெக்கானிக்கல் அல்லது ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் எடுக்கட்டும். மாணவர்களே கட்டிய கார்கள் களமிறங்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு அணி அனுப்பும் கல்லூரியாகத் தேடுங்கள்.

கவுன்சிலிங்குக்கு முன் ஒரு மதியம் அவனையும் அழைத்துக்கொண்டு அந்தக் கல்லூரிப் பட்டறைக்குப் போய்வாருங்கள். கார் பாகம் பாகமாகக் கழன்று கிடந்து, மாணவர்கள் கையில் கிரீஸ் இருந்தால் அந்தப் பெயரை முதலில் எழுதுங்கள். வரவேற்பறையில் மாலை போட்டு நிறுத்தியிருந்தால் அடுத்த கல்லூரிக்கு பஸ் ஏறிவிடுங்கள்.