கண்ணை மூடினால் தள்ளாடுகிறதா?

கேள்வி: வயது 63. முகத்துக்கு சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு சாய்கிறது. இருட்டில் பாத்ரூம் போகப் பயமாக இருக்கிறது. பகலில் நன்றாகவே நடக்கிறேன். கால் வலுவுக்கு என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: பகலில் நன்றாக நடக்கிறீர்கள் என்றால், குறை பெரும்பாலும் கால் வலுவில் இல்லை. கண், உள்காது, பாதமும் கணுக்காலும் என்று மூன்று இடங்களிலிருந்து வரும் தகவலை வைத்துத்தான் மூளை உடம்பை நிமிர்த்திப் பிடிக்கிறது. உங்கள் மூளை கண்ணையே அதிகம் நம்பியிருக்கிறது. கண் மூடியதும் மற்ற இரண்டும் ஈடுகொடுக்கவில்லை.

பயிற்சிக்கு முன் ரத்தத்தில் சர்க்கரையும் வைட்டமின் பி12 அளவும் பாருங்கள். பாதம் மரத்திருந்தால் கட்டாயம் பாருங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது உண்டு. அந்தக் குறையைப் பயிற்சி ஈடுகட்டாது.

சுவர் மூலைக்கு முதுகு காட்டி, முன்னால் ஒரு கனமான நாற்காலி போட்டு, வெறுங்காலில் நில்லுங்கள். வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். பாதங்களைச் சேர்த்து வைத்துக் கண் திறந்தபடி 30 விநாடி. தடுமாறாமல் நிற்க முடிந்தால் அதையே கண் மூடி. அதுவும் பழகிய பிறகே தலையணை மேல் ஏறுங்கள், முதலில் கண் திறந்துதான். தலையணையில் பாதம் தரும் தகவல் மங்கிவிடும். உள்காது வேலை செய்தே ஆக வேண்டும். ஒவ்வொன்றும் மூன்று தடவை, தினமும்.

லேசாக ஆடுவது நல்லதுதான், அந்த ஆட்டத்தைத் திருத்தித்தான் மூளை கற்கிறது. பலர் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது கைதான் சமநிலை பழகும். விரல் நுனி பட்டால் போதும். குனிந்து பாதத்தைப் பார்ப்பதும் முழங்காலை விறைப்பாக வைப்பதும் கூடாது.

அடுத்தது உள்காதுக்கு. கை நீளத்தில் சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, அதையே பார்த்தபடி தலையை இடவலமாகச் சிறிதளவு ஆட்டுங்கள். ஒரு நிமிடம், நாளைக்கு மூன்று வேளை. எழுத்து கலங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் கீழே ஆட்டுவதுதான் சரியான வேகம். ரொம்ப மெதுவாக ஆட்டினால் பலன் குறைவு. முதல் வாரம் கிறுகிறுப்பு வரலாம்; 20 நிமிடத்தில் அடங்காவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். மாற்றம் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதுவரை பாத்ரூம் வழியில் இரவு விளக்கு எரியட்டும்.

படுக்கையில் புரளும்போது மட்டும் அறையே சுழன்றால் அது வேறு பிரச்சினை. காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைத் திருப்பிச் செய்யும் சிகிச்சையிலேயே பெரும்பாலும் சரியாகும். தள்ளாட்டம் திடீரென வந்து, பேச்சு குழறினாலோ பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ உடனே 108.