மந்திரத்தால் விழுந்த பிணம்: கேள்வி பதில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் ஆட்டம். அதில் கொலை விசாரணை நடத்துகிற டி.எம்.களின் (கதையை நடத்துபவர்களின்) கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்புத்தகத்தை வைத்தே பேசுகிறேன்.

கேள்வி: அண்ணா, இரண்டு மாதம் உட்கார்ந்து ஒரு கொலைக் கதை எழுதினேன். கிளெரிக் (பூசாரிப் பாத்திரம்) வந்து ஸ்பீக் வித் டெட் என்ற ஸ்பெல்லை (மந்திரத்தை) போட்டு பிணத்திடமே கேட்டுவிட்டார். கதை அங்கேயே முடிந்துவிட்டது. அந்த ஸ்பெல்லையே தடை செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்த ஸ்பெல்லை நிதானமாக ஒருமுறை படியுங்கள். ஐந்தே கேள்விகள்தான். உயிரோடு இருந்தபோது தெரிந்தது மட்டுமே பிணத்துக்குத் தெரியும். கேட்பவரை எதிரி என்று நினைத்தால் அது உண்மை சொல்லவேண்டிய கட்டாயமே இல்லை. வாய் இருக்கவேண்டும். பத்து நாளுக்குள் யாராவது அதே பிணத்தின்மேல் இந்த ஸ்பெல்லைப் போட்டிருந்தால் மறுபடி பலிக்காது.

இந்தக் கடைசி விதியில்தான் கதை இருக்கிறது. கொலைகாரன் முதல் இரவே பிணத்திடம் ஐந்து கேள்வி கேட்டுவிட்டுப் போயிருந்தால், பத்து நாள் அது யாரிடமும் பேசாது. ரெய்ஸ் டெட் என்ற ஸ்பெல்லைப் போட்டு உயிர்ப்பிப்பதற்கும் பத்து நாள்தான் கெடு. உங்கள் கிளெரிக்கின் ஸ்பெல் பலிக்காமல் போவதே முதல் துப்பு: நமக்கு முன்னால் யாரோ இந்தப் பிணத்திடம் பேசியிருக்கிறார். அப்படி எதைத் தெரிந்துகொள்ள வந்தார்? விசாரணை அங்கிருந்து கிளம்பும்.

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். ஆட்டத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: எந்த ஸ்பெல், போட்டவர் எங்கே நின்றார், எதைப் பார்த்தார், செத்தவர் கடைசியாக என்ன பார்த்தார். இந்த நான்கு வரி இல்லாமல் பிணத்தை மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: பிணத்தின்மேல் டிடெக்ட் மேஜிக் (மந்திரம் இருப்பதைக் காட்டும் ஸ்பெல்) போட்டால் கொன்ற ஸ்பெல் தெரியுமா?

பதில்: கணநேர ஸ்பெல் என்றால் தெரியாது. அதன் மந்திரம் அந்தக் கணத்தோடு போய்விடுகிறது, காயம் மட்டும்தான் மிச்சம். மாறாக, பிணத்தில் நெக்ரோமன்சி (சாவு, உயிர் சார்ந்த மந்திர வகை) ஒளி தெரிந்தால் உட்கார்ந்து யோசியுங்கள். யாரோ ஜென்டில் ரிபோஸ் ஸ்பெல் போட்டு உடல் அழுகாமல் காத்திருக்கலாம். அது இருக்கும் நாட்கள் ரெய்ஸ் டெட் கெடுவில் சேராது. அப்படியானால் செத்தவரைத் திரும்பக் கொண்டுவர நினைப்பவர் ஒருவர் இருக்கிறார்.

கேள்வி: பூட்டிய அறை. உடலில் காயமே இல்லை. பவர் வேர்ட் கில் (ஒரு சொல்லால் கொல்லும் ஸ்பெல்) என்று வைத்திருக்கிறேன். சரியா?

பதில்: நல்ல தேர்வு. நூறு ஹிட் பாயின்டோ (உயிர்ப் புள்ளி) அதற்குக் கீழோ இருந்தால் அந்த நொடியே சாவு. ஆனால் போடுபவர் 60 அடிக்குள் நின்று ஆளைக் கண்ணால் பார்க்கவேண்டும், சொல்லை வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதனால் பூட்டைவிட ஜன்னல்தான் முக்கியம். அந்தச் சொல் யார் காதில் விழுந்தது என்று தேடவேண்டும். இது ஒன்பதாம் நிலை, அதாவது மிக உயர்ந்த நிலை ஸ்பெல். சொந்த சக்தியில் போட, போடுபவர் அனுபவத்தில் 17ஆம் லெவலை எட்டியிருக்கவேண்டும். சந்தேகப் பட்டியலில் இரண்டு மூன்று பேருக்கு மேல் வரமாட்டார்கள். யார் என்பது சீக்கிரம் தெரிந்துவிடும் என்பதால், ஏன் என்பதில் கதையை வையுங்கள்.

கேள்வி: ஸ்பீக் வித் டெட்டைத் தடை செய்யலாமா சார்?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: நூலகத்தில் ஒரு கிழவர் கருகிச் செத்துக் கிடக்கிறார். ஃபயர்பால் (வெடிக்கும் நெருப்புப் பந்து ஸ்பெல்) தான் காரணம். ஆட்டக்காரர்கள் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பதில்: தீ ஓரிடத்தில் தொடங்கிப் பரவியிருக்காது. 20 அடி ஆரத்துக்குள் எல்லாம் ஒரே நொடியில் பற்றியிருக்கும். இன்னொன்றும் உண்டு: யாரும் அணியாத, கையில் வைத்திராத பொருள்களைத்தான் ஃபயர்பால் பற்றவைக்கும். அலமாரி எரியும். கிழவர் கையில் இருந்த புத்தகமும் போட்டிருந்த சட்டையும் பற்றாது.

கேள்வி: (அதே ஆள்தான்) உடம்பு கருகுமாம், சட்டை தப்புமாம். இதை எந்த ஆட்டக்காரர் நம்புவார்?

பதில்: விதி அப்படித்தான் இருக்கிறது. அதற்காகச் சட்டை எப்போதும் தப்பிக்கும் என்று சொல்லவில்லை. அலமாரியில் பிடித்தது சாதாரண நெருப்பு. அது பரவினால் சட்டையும் போகும். எவ்வளவு சீக்கிரம் அணைத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

கேள்வி: வேறொருவன் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். கிழவரை முதலில் கத்தியால் குத்திவிட்டு, அதை மறைக்க ஃபயர்பால் போட்டிருந்தால்? பிணம் வெறும் பொருள்தானே? பொருள் எப்படிச் சட்டை அணியும்?

பதில்: மன்னிப்பெல்லாம் வேண்டாம், இன்று வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. விதிப்புத்தகம் இவ்வளவு தூரம் போகவில்லை, அதனால் இது என் மேசையின் தீர்ப்பு: பிணம் பொருள். அதன்மேல் கிடக்கும் சட்டையை யாரும் அணிந்திருக்கவில்லை. கையில் உள்ள புத்தகத்தையும் யாரும் பிடித்திருக்கவில்லை. எல்லாம் பற்றும்.

இதனால் என்ன கிடைக்கிறது பாருங்கள். நெருப்பைச் சீக்கிரம் அணைத்த அறையில் புத்தகம் முழுதாக இருந்தால், ஃபயர்பால் வெடித்தபோது கிழவர் உயிரோடு இருந்தார். புத்தகம் சாம்பல் என்றால், அதற்கு முன்பே செத்துவிட்டார். கொலைகாரன் மறைக்கப் போட்ட ஸ்பெல்லே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. இந்தத் தீர்ப்பை ஆட்டம் தொடங்கும் முன்பே ஆட்டக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். நடுவில் சொன்னால் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்கள்.

கேள்வி: பொய் சொல்லவிடாத ஸோன் ஆஃப் ட்ரூத் ஸ்பெல் வந்தால் எல்லோரும் உண்மை சொல்லிவிடுவார்களே?

பதில்: ஸ்பெல்லில் சிக்கியவரால் பொய் சொல்லத்தான் முடியாது. சுற்றிவளைக்கலாம், பேசாமலும் இருக்கலாம். சேவிங் த்ரோவில் (ஸ்பெல்லிலிருந்து தப்பப் போடும் பகடையில்) யார் தப்பினார் என்பது ஸ்பெல் போட்டவருக்குத் தெரியும்.

கேள்வி: கால் ஆஃப் க்துல்ஹு என்ற திகில் ஆட்டத்தில் இதே கதையை நடத்தலாமா?

பதில்: நடத்தலாம். அங்கே மந்திரம் போடுபவரின் புத்தியையே அது தின்னும். பிணத்தைவிட சந்தேக நபர்களின் மனநிலையைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பகடை சரியாக விழவில்லை. முக்கியமான துப்பு கிடைக்காமல் ஆட்டம் நின்றுவிட்டது.

பதில்: கதை நகரத் தேவையான துப்புக்குப் பகடை கேட்காதீர்கள். ஆட்ட வடிவமைப்பாளர் ராபின் லாஸின் கம்ஷூ என்ற துப்பறியும் ஆட்ட விதிமுறை இதைத்தான் அடிப்படையாக வைத்தது: உரிய திறமையுள்ளவர் உரிய இடத்தில் தேடினால் துப்பு கிடைத்தே தீரும். அந்த நான்கு வரித் தாள் இருந்திருந்தால் வேறு வழியும் கண்ணில் பட்டிருக்கும்.

கேள்வி: ஸ்பீக் வித் டெட்டுக்குத் தடை...

பதில்: மூன்றாவது தடவை. தடை வேண்டாம்.

கேள்வி: நூலகக் கிழவரைக் கேட்டவன்தான் மறுபடியும். புத்தகச் சாம்பல் துப்பை எடுத்துக்கொள்கிறேன். தீர்ப்பை முன்கூட்டியே சொன்னால் ஆட்டக்காரர்கள் உடனே ஊகித்துவிட மாட்டார்களா?

பதில்: அப்படியானால் சொல்லாமல், அவர்களே கண்டுபிடிக்க வழி விடுங்கள். முந்தின செஷனில் (ஆட்ட அமர்வில்) ஒரு சண்டை வையுங்கள். கையில் பந்தத்துணியோடு ஒருவன் செத்து விழட்டும், அடுத்த சுற்றில் அங்கே ஃபயர்பால் வெடிக்கட்டும். செத்தவன் கைத்துணி எரிந்தது, பக்கத்தில் உயிரோடு நிற்பவன் துணி எரியவில்லை என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடருங்கள். நூலகத்துக்குள் நுழையும்போது யாராவது ஒருவருக்கு அது நினைவு வரும்.