பறக்காத மணிகளுக்கு முன்பணம்: 8 லட்சம் தவணையைக் கட்டலாமா?

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. வெளிமாநிலத்தில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் சிபிஎல் (வணிக விமானி உரிமம்) படிக்கிறாள். மொத்தம் 40 லட்சம். வகுப்பு, பதிவுக் கட்டணம் 4 லட்சம், 200 மணி பறக்க 36 லட்சம். விடுதி, சாப்பாடு தனி, மாதம் 14,000. வீட்டுப் பத்திரத்தை வைத்து 28 லட்சம் கல்விக் கடனுக்கு ஒப்புதல் வாங்கினோம், வட்டி 11%. இதுவரை 20 லட்சம் கட்டியாகிவிட்டது, அதில் 18 லட்சம் கடன். சேர்ந்து ஒன்பது மாதம். முதல் நான்கு மாதம் வகுப்பு மட்டும். 31 மணி பறந்தும் இன்னும் தனியாக ஓட்ட விடவில்லை. இப்போது இருப்பவர் மூன்றாவது பயிற்சியாளர். எதற்கெடுத்தாலும் கத்துகிறார், இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே கால் மணி நேரம் பாடம் நடத்துகிறார், இறங்கியதும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுகிறார். புகார் சொன்னால் மறுநாள் பறப்பவர்கள் பட்டியலில் பெயர் வராது என்று பயப்படுகிறாள். 10-ஆம் தேதி 8 லட்சம் தவணை. "நனைந்த பிறகு முக்காடு எதற்கு, கட்டிவிடு" என்கிறார் கணவர். கட்டலாமா? வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம், பள்ளியையும் மாற்ற வேண்டாம். முதலில் பயிற்சியாளரை மாற்றச் சொல்லுங்கள். அதற்கு ஏறக்குறைய செலவே இல்லை.

ஏன் இல்லை என்று சொல்கிறேன். சிபிஎல் வாங்க 200 மணி வேண்டும். அதில் 100 மணியாவது மாணவி தானே பைலட் பொறுப்பில் பறந்திருக்க வேண்டும். அப்படியானால் பயிற்சியாளரோடு பறக்க மீதி 100 மணி இருக்கிறது. மகள் செலவழித்தது 31. புதியவரோடு பழக மூன்று நான்கு மணி போனாலும் அதுவும் அந்த 100-க்குள்தான் அடங்கும், தனி பில் வராது. ஆனால் அதே 100-க்குள்தான் வெளியூர்ப் பறத்தல், இரவுப் பறத்தல், கருவிகளைப் பார்த்துப் பறப்பது எல்லாவற்றுக்குமான பயிற்சியும் வர வேண்டும். 45, 50 மணி வரை தனியாக விடாமல் இழுத்தால்தான் மொத்தம் 200-ஐத் தாண்டி, கூடுதல் மணி ஒவ்வொன்றும் உங்கள் தலையில் விழும்.

கத்துவதைவிட அந்தக் கால் மணி நேரப் பாடம்தான் என் கண்ணில் பட்டது. மணிக்கு 18,000 என்றால் நிமிடத்துக்கு 300 ரூபாய். கால் மணி நேரம் என்றால் 4,500. அந்தப் பாடத்தைக் கரும்பலகை முன்னால் நின்று இலவசமாக நடத்தலாம். இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. விமானம் புறப்படுவதற்காக முதலில் நகர்ந்ததிலிருந்து கடைசியாக நிற்கும் வரைதான் பறந்த நேரம். நின்ற இடத்தில் இன்ஜின் ஓடியது லாக்புக்கில், அதாவது பறந்த நேரத்தைக் குறிக்கும் பதிவேட்டில், வரக் கூடாது. ஆனால் பள்ளி இன்ஜின் மீட்டரைப் பார்த்து பில் போட்டால் அந்த நிமிடங்களும் பில்லில் ஏறிவிடும். மகளை உட்கார்ந்து, ஒரு பக்கம் லாக்புக்கில் உள்ள நேரம், இன்னொரு பக்கம் பள்ளிக் கணக்கில் கழித்த நேரம் என்று தேதிவாரியாக எழுதச் சொல்லுங்கள். வித்தியாசம் இருந்தால், பேச்சுவார்த்தையில் உங்கள் கையில் இருக்கும் முதல் காகிதம் அதுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் பாதி பயிற்சியாளர் பற்றித்தான். எனக்கு உறுத்தியது வேறு. வகுப்பு முடிந்த பிறகு ஐந்து மாதத்தில் 31 மணி, அதாவது மாதம் ஆறு மணி சொச்சம். இதே வேகத்தில் போனால் மீதி 169 மணிக்கு இன்னும் 27 மாதம். எடுத்த 18 லட்சத்துக்கு மாத வட்டி 16,500, விடுதியோடு சேர்த்தால் 30,500. 27 மாதத்துக்கு எட்டே கால் லட்சம்! கடன் எடுக்க எடுக்க வட்டியும் ஏறும். இந்தத் தாமதம் கத்துகிற மனிதரால் வந்ததா, வேறு காரணமா என்று லாக்புக் தேதிகளே சொல்லிவிடும். பனிமூட்டத்திலும் மழையிலும் வாரக்கணக்கில் இடைவெளி விழுவது சகஜம். வானம் தெளிவாக இருந்த நாட்களிலும் பெயர் வரவில்லை என்றால் விமானம் போதவில்லை, அல்லது பழுதுபார்க்கும் கொட்டகையில் கிடக்கிறது என்று அர்த்தம். அப்போது ஆளை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. மூன்று பயிற்சியாளர் மாறியதை மட்டும் பெரிதாக எடுக்காதீர்கள். துணைப் பயிற்சியாளர்களில் பலர் மணிக்கணக்கைச் சேர்த்துக்கொண்டு ஏர்லைன் அழைப்புக்குக் காத்திருக்கும் இளைஞர்கள். அழைப்பு வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

சரி, தவணைக்கு வருவோம். கட்டிய 20 லட்சத்தில் வகுப்புக்கு 4 லட்சம் போயிற்று, பறந்த 31 மணிக்கு 5.58 லட்சம் போயிற்று. மீதி 10.42 லட்சம் இன்னும் பறக்காத மணிகளுக்கான முன்பணமாகப் பள்ளியிடம் கிடக்கிறது. சுமார் 58 மணிக்கான காசு, இப்போதைய வேகத்தில் ஒன்பது மாதத்துக்கு வரும். இதன் மேல் இன்னும் எட்டு லட்சத்தை எதற்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும்? முக்காடு விஷயத்தில் உங்கள் கணவரோடு எனக்கு ஒப்புதல் இல்லை. நனைந்தது பாதிதான், மீதிப் பாதி இன்னும் வங்கியில் காய்ந்தபடி இருக்கிறது.

அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் தவணையை நிறுத்திவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் தேதி போட்டிருந்தால் அபராதம் போடுவார்கள், மகளைப் பறக்க விடாமலும் உட்கார வைப்பார்கள். "இருப்பில் 20 மணிக்கான பணம் மட்டும் மிஞ்சும்போது அடுத்த தவணை தருகிறோம், இதை எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்" என்று தேதிக்கு முன்பே கேளுங்கள். கடன் பணம் பெரும்பாலும் நேராகப் பள்ளிக் கணக்குக்குப் போகும் என்பதால், "எங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அடுத்த தொகையை விடுவிக்க வேண்டாம்" என்று வங்கி மேலாளருக்கும் ஒரு கடிதம் வேண்டும். அதில் நீங்களும் மகளும் கையெழுத்துப் போடுங்கள்.

பயிற்சியாளரை மாற்றக் கேட்கும் கடிதம் மட்டும் மகள் பெயரில், தலைமைப் பயிற்சியாளருக்குப் போகட்டும். அம்மா போன் செய்து சண்டை போட்டால் அந்தப் பெண்ணுக்குத்தான் சங்கடம். குற்றச்சாட்டுத் தொனி வேண்டாம். "31 மணி ஆகிறது, எதில் பின்தங்கியிருக்கிறேன் என்று தெரியவில்லை, நீங்களே ஒரு முறை என்னோடு பறந்து பார்த்துச் சொல்லுங்கள், பயிற்சியாளரை மாற்றித் தாருங்கள்" என்றால் போதும். அந்த ஒரு மணி நேரம் 18,000 ரூபாய்தான், அதுவும் 200-க்குள். மகளிடமே குறை இருக்கிறது என்று தலைமைப் பயிற்சியாளர் சொல்லவும் வாய்ப்பு உண்டு. அதையும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பறக்கும்போது போன் பார்ப்பது, சொல்லாமல் கட்டுப்பாட்டைப் பிடுங்குவது மாதிரி ஏதாவது நடந்திருந்தால் அது பாதுகாப்பு விஷயம். அதைத் தனிக் கடிதமாக எழுத வேண்டும். பணக் கணக்கோடு கலந்தால் பேரம் பேசுகிறார்கள் என்று ஒதுக்கிவிடுவார்கள். பள்ளி காது கொடுக்காவிட்டால், விமானத் துறையைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ இருக்கிறது.

புதியவரோடு ஒரு மாதம், அல்லது 12 மணி. அதற்குள் வேகம் கூடவில்லை என்றால் பள்ளி மாறுவதைப் பற்றிப் பேசலாம். பறந்த மணிகள் வீண் போகாது, லாக்புக்கில் சான்றொப்பம் இருந்தால் போகிற இடத்துக்கும் கூடவே வரும். சிக்கல் அந்த முன்பணம்தான். திருப்பித் தரும் விதி ஒப்பந்தத்தில் என்ன சொல்கிறது என்று இன்றே படியுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம், ஆனால் கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்பதே நீதிமன்றங்களில் இழுபறியாக இருக்கும் சங்கதி. அதை நம்பி உட்கார வேண்டாம்.

அப்புறம், ரசீதுகளை எடுத்து ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்களா பாருங்கள். டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் அங்கீகரிக்கப்பட்ட பறக்கும் பயிற்சிக்கு ஜிஎஸ்டி இல்லை என்று 2024 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவுபடுத்திவிட்டது. வாங்கியிருந்தால் அதையும் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

வங்கிக் கடிதம் 10-ஆம் தேதிக்கு மூன்று நாள் முன்னதாகவாவது போய்ச் சேர வேண்டும். நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.