கடைக்காரருக்குக் காசு கொடுக்க முன்னர் எழுத்துருவைப் பாருங்கள்

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தகவல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். கூடத்துப் பழைய கணினிகளில் லினக்ஸும் லிப்ரே ஒபிஸும் இருக்கின்றன. வேர்டில் அடித்த வினாத்தாளைத் திறந்தால் பக்கம் குலைகிறது, சிலதில் தமிழே வருவதில்லை. ஹட்டனில் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு எல்லா மெஷினுக்கும் விண்டோஸ் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். அதிபரும் சம்மதம். மாற்றலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர். இது எழுத்துருப் பிரச்சினை, இதற்குப் போய் மெஷினைத் துடைக்கத் தேவையில்லை. தமிழ் வராத கோப்பு பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். பாமினியில் அடித்த தமிழ், கோப்புக்குள் ஆங்கில எழுத்தாகவே கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் அதுதான் தெரியும். பாமினியைப் பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவுங்கள், சரியாகிவிடும். புதிதாக அடிப்பதை, எந்த மெஷினிலும் தமிழாகவே சேமிக்கப்படும் யூனிகோடில் அடியுங்கள். அதற்கான ரெங்கநாதன் தமிழ் விசைப்பலகை அமைப்பு லினக்ஸிலும் உண்டு. பக்கம் குலைவதும் பெரும்பாலும் இதனால்தான்: வேர்டில் வரும் காலிப்ரி எழுத்துருவுக்குப் பதில் கார்லிட்டோ எழுத்துருவை நிறுவினால் எழுத்தின் அகலம் பொருந்தும்.

இந்தப் ‘போட்டுத் தருகிறேன்’ ஆட்களிடம் கவனமாக இருங்கள். அப்படிப் போடுவது அனேகமாகத் திருட்டுப் பிரதி. உரிமத்தை ஏமாற்ற ஒரு சின்னச் செயலியை ஓட்டுவார்கள், அதற்கு முதலில் வைரஸ் காவலை நிறுத்துவார்கள். அதோடு வேறென்ன உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாது. பழைய மெஷினுக்கு விண்டோஸ் 10 போட்டாலும், அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் காசு என்பது கொழுந்து பறிக்கிறவர்களின் நாட்சம்பளத்தில் இருந்து வந்தது. பற்றுச்சீட்டில் உரிம இலக்கத்தை எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். அதோடு பேச்சு நின்றுவிடும்.

லிப்ரே உங்களைச் சோதிக்கும் இடம் ஒன்று உண்டு: தரவுத்தளப் பாடம். மைக்ரோசொப்டின் தரவுத்தளச் செயலியான அக்சஸில் செய்த படிவங்கள், லிப்ரே ஒபிஸின் தரவுத்தளச் செயலியான பேஸில் வராது, புதிதாகத்தான் செய்ய வேண்டும். பல லினக்ஸ் பதிப்புகளில் பேஸைத் தனியாக நிறுவ வேண்டும், அது ஓட ஜாவா என்ற மென்பொருளும் தேவைப்படும். அப்புறம், பிள்ளை அட்டவணையைச் சேமிக்கும்போது ‘முதன்மைச் சாவி இல்லை, உருவாக்கவா?’ என்று பேஸ் கேட்கும். ஒவ்வொரு பதிவையும் மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் புலம்தான் முதன்மைச் சாவி. அவசரத்தில் ‘இல்லை’யை அழுத்திவிட்டால், அட்டவணை திறக்கும், ஆனால் ஒரு பெயரைக் கூடப் பதிய விடாது. அக்சஸ் விட்டுவிடும், பேஸ் விடாது. பிள்ளை மெஷின் பழுது என்று கையை உயர்த்தும். வடிவமைப்புப் பார்வைக்குப் போய், சுட்டெண் புலத்தின் இடப்பக்கக் கட்டத்தில் வலச்சொடுக்கி, முதன்மைச் சாவியைத் தெரிவு செய்து சேமியுங்கள். முதன்மைச் சாவி எதற்கு என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிக் கொடுங்கள்.

இவ்வளவையும் ஒரு நாள் பயிற்சியில், தமிழில், சொல்லிக் கொடுத்திருக்கலாம். கணினியை இறக்கிவிட்டு ஆசிரியரைத் தனியே விடுவது பெரிய அநியாயம். வலயக் கல்வி அலுவலகத்திடம் பயிற்சியை எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம். கடிதத்தின் பிரதியில் கிடைத்த திகதியோடு முத்திரை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.