‘அப்ரூவல் வந்த 90 நாளில்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்

கேள்வி: பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்களுக்கு 9 மா (சுமார் 3 ஏக்கர்) நன்செய். காலமான அப்பா வாங்கியது. பட்டா இன்னும் அவர் பெயரில்தான். 2022 ஆகஸ்டில் ஒரு மனைப்பிரிவு புரோமோட்டரிடம் மா 6 லட்சம் என்று பேசி, 10 லட்சம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு விற்பனை அக்ரிமென்டும், என் சார்பில் அவர் செயல்படப் பவரும் பதிவு செய்து கொடுத்தேன். மூலப்பத்திரமும் அவரிடம். மூன்று வருஷமாக அப்ரூவல் வரவில்லை, போனும் எடுப்பதில்லை. சவுடு மண்ணைக் கொட்டி, வயல்களுக்குத் தண்ணீர் போகும் கன்னி வாய்க்காலை மூடிவிட்டார். இரண்டு குறுவை போயிற்று. அவரைக் கூட்டிவந்த என் மைத்துனர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கியிருக்கிறார். இன்று மா 11 லட்சம் போகிறது. கும்பகோணத்துப் பார்ட்டி ஒருவர் நாளைக்கே 5 லட்சம் அட்வான்ஸ் தரத் தயார். டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், மனை போடவே முடியாது, அதனால் அக்ரிமென்ட் தானாகச் செத்துவிட்டது என்கிறார்கள். ‘நிலம் உனக்குக் கிடையாது’ என்று போன மாதம் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போட்டுவிட்டேன். மோசடிப் புகார் கொடுக்கலாமா? நகல்களை இணைத்திருக்கிறேன். — தஞ்சை மாவட்ட வாசகர்

பதில்: மைத்துனர் கதையை ஒதுக்கி வையுங்கள். கமிஷன் இரண்டு பக்கம் வாங்கினாரா, நாலு பக்கம் வாங்கினாரா என்பதால் உங்கள் அக்ரிமென்டில் ஒரு எழுத்தும் மாறாது. போன் எடுக்காததும் அப்படித்தான். நிலத்தின் விலை ஏறியது உங்களுக்கு வருத்தம், சட்டத்துக்கு அது ஒரு செய்திகூட இல்லை.

நீங்கள் அனுப்பிய நகலில் நாலாம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். மனைப்பிரிவு அங்கீகாரம் கிடைத்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மீதித் தொகையைச் செலுத்திக் கிரயம் பெற்றுக்கொள்ள வேண்டியது என்று இருக்கிறது. அங்கீகாரம் எந்தத் தேதிக்குள் கிடைக்க வேண்டும்? அது எங்கேயும் இல்லை. உங்கள் வழக்கே இந்த ஒரு இடம்தான். ஒரு சம்பவம் குறித்த தேதிக்குள் நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தால், தேதி தாண்டியதும் ஒப்பந்தம் போய்விடும். தேதியே எழுதாவிட்டால், அந்தச் சம்பவம் இனி நடக்கவே முடியாது என்று ஆகும்வரை ஒப்பந்தம் உயிரோடு கிடக்கும். காலம் குறிக்காத ஒப்பந்தத்தை நியாயமான காலத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் எது நியாயமான காலம் என்று முடிவு செய்யப்போவது நீதிமன்றம். உங்கள் ஊர் டீக்கடை அல்ல.

வேளாண் மண்டலச் சட்டமும் கை கொடுக்காது. 2020ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயுக் கிணறுகள், உருக்காலை, தோல் தொழிற்சாலை மாதிரியான பட்டியலிட்ட திட்டங்களை. வீட்டுமனை அந்தப் பட்டியலில் இல்லை. நன்செய்யை மனையாக்க ஆட்சியரின் இசைவு, வேளாண் துறை, நீர்வளத் துறையின் கருத்து எல்லாம் வேண்டும், டெல்டாவில் அது லேசில் கிடைக்காது என்பது வேறு. கிடைப்பது கஷ்டம் என்பதற்கும் கிடைக்கவே கிடைக்காது என்பதற்கும் நடுவில்தான் பத்து வருஷ வழக்கு நடக்கும்.

இன்னொன்று. அந்த 90 நாள் வரி புரோமோட்டரின் பாதுகாப்புக்காக எழுதியது. ‘அப்ரூவல் எனக்கு வேண்டாம், இந்தாருங்கள் மீதி 44 லட்சம், நிலமாகவே எழுதிக் கொடுங்கள்’ என்று அவர் நாளைக்கு வந்து நின்றால் உங்களிடம் என்ன பதில் இருக்கிறது? 2018 அக்டோபருக்குப் பிறகு, ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்டுப் போடும் வழக்கில் தருவதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்பம் என்ற பழைய நிலை இல்லை. பணத்தோடு தயாராக இருந்தேன் என்று அவர் நிரூபித்துவிட்டால் தீர்ப்பு பெரும்பாலும் அவர் பக்கம்தான்.

சரி, அவர் பணம் வைத்திருக்கவில்லை, அதனால்தான் ஓடி ஒளிகிறார் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் தாமதம் யாரால் என்று கேள்வி வந்தால் உங்கள் ஏழாம் பத்தியைப் படிப்பார்கள். பட்டா மாறுதலும் வாரிசுகளின் கையெழுத்தும் எழுதிக்கொடுப்பவர் தன் செலவில் முடித்துத் தர வேண்டும் என்கிறது அது. பட்டா இன்றும் அப்பா பெயரில். அக்ரிமென்டில் தங்கை கையெழுத்து இல்லை. கல்யாணத்துக்கு நகையும் சீரும் செய்தாகிவிட்டது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்பா சுயமாக வாங்கி, உயில் எழுதாமல் போன நிலத்தில் தங்கையின் பங்கு நகையால் தீராது. பங்கை விட்டுக்கொடுத்ததாக அவர் எழுதிப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். மூன்று வருஷமாக அப்ரூவல் மனு நகராததற்குக் காரணம் நீங்கள்தான் என்று அவர் வக்கீல் சொன்னால், எனக்கே சட்டென்று பதில் வராது.

இந்த இடத்தில் யாராவது உங்களுக்கு ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: தங்கையை விட்டு ஒரு பாகப்பிரிவினை வழக்கு போடச் சொல், அக்ரிமென்ட் உடைந்துவிடும் என்று. என்னிடம் ஒருவர் அப்படிப் போட்டுவிட்டு வந்தார். அண்ணனும் தங்கையும் ஒரே காரில் கோர்ட்டுக்கு வந்ததை எதிர்தரப்பு போட்டோ எடுத்து வைத்திருந்தது. அதுகூடப் போகட்டும். வழக்குக்காகக் கேட்ட பங்கை அந்தத் தங்கை பிறகு நிஜமாகவே கேட்டார்.

இப்போது அந்த 5 லட்சம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்த வரி அதுதான். பதிவான அக்ரிமென்ட் வில்லங்கச் சான்றில் நிற்கிறது. நீங்களாக ஒருதலையாக ரத்துப் பத்திரம் எழுதினால் சார்பதிவாளர் திருப்பி அனுப்புவார். எப்படியோ பதிவானாலும் அது புரோமோட்டரைக் கட்டுப்படுத்தாது. இதை வைத்துக்கொண்டு இரண்டாவது ஆளிடம் அட்வான்ஸ் வாங்கினால், மோசடிப் புகார் உங்கள் மேல்தான் வரும். பழைய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 420, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. புரோமோட்டர் மேல் கொடுக்கும் புகாரை ‘சிவில் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள்’ என்று ஸ்டேஷனில் எழுதி மூடிவிடுவார்கள். கும்பகோணத்துக்காரர் உங்கள் மேல் கொடுக்கும் புகாரை அவ்வளவு சுலபமாக மூட மாட்டார்கள், ஏனென்றால் முதல் அக்ரிமென்டை மறைத்தீர்கள் என்பது வில்லங்கத்திலேயே தெரியும். வழக்கு நடக்கும்போது விற்றாலும் வாங்குகிறவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். அவரும் உங்களைத்தான் தேடி வருவார்.

வாட்ஸ்அப் குரல்பதிவு வேறு. தேதி குறிக்காத ஒப்பந்தத்தில், நிறைவேற்ற மறுத்தது தெரியவந்த நாளிலிருந்து வழக்குப் போட மூன்று வருஷம் உண்டு. தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் கையில் கடிகாரமும் கொடுத்திருக்கிறீர்கள். இனிமேல் ஒரு வரிகூட நீங்களாக அனுப்பாதீர்கள்.

பவர் பத்திரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் அக்ரிமென்டைவிட எனக்கு அதுதான் உறுத்துகிறது. 2016 அக்டோபருக்குப் பிறகு அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிய முடியாது, அதனால் மனைக் கிரயம் நடந்திருக்காது. ஆனால் அவர் ‘முன்பதிவு’ என்று ரசீது போட்டுப் பணம் வாங்கியிருந்தால்? ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் மனையை உருவாக்குகிறவரும் விற்கிறவரும் வேறு ஆட்களாக இருந்தால் இருவரும் புரோமோட்டர்கள்தான், பொறுப்பும் கூட்டுப் பொறுப்பு. ரசீதைக் கொண்டுவருகிறவர்கள் பவர் கொடுத்த உங்களையும் சேர்த்துத்தான் இழுப்பார்கள். ஊரில் யாரிடமாவது அப்படி ரசீது இருக்கிறதா என்று சத்தமில்லாமல் விசாரியுங்கள். இருந்தால் அது உங்களுக்கு ஆபத்து, அவருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. ரெராவில் பதிவு செய்யாமல் மனை விற்க முன்வந்ததற்கு அபராதம் பெரிது. பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது அந்த ரசீதின் நகல் உங்கள் பையில் இருக்கட்டும்.

வாய்க்காலை மூடியது அவர், ஆனால் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை விவசாயிகள் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் நோட்டீஸ் பட்டாதாரர் வீட்டுக்கு, அதாவது உங்களுக்கு வரும். அவர்கள் கொடுப்பதற்கு முன் தாசில்தாரிடம், மூடியது யார், எப்போது, எந்தச் சர்வே எண் என்று நீங்களே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மண் கொட்டாத பகுதியில் உளுந்தாவது தெளியுங்கள். நிலம் உங்கள் அனுபோகத்தில் இருக்கிறது என்பதற்கு இந்தப் பசலி (வருவாய்த் துறை ஆண்டு) அடங்கல், அதாவது கிராமச் சாகுபடிக் கணக்கு முக்கியம்.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: வழக்கு வேண்டாம், முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள சண்டை மாவுக்கு 5 லட்சம், மொத்தம் 45 லட்சம். அதில் ஒரு பங்கு புரோமோட்டருக்குப் போகும், அதை இப்போதே மனதில் எழுதிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் 10 லட்சம் பெண் கல்யாணத்தில் செலவாகிவிட்டது என்கிறீர்கள், அதற்கும் வழி உண்டு. கும்பகோணத்துக்காரரிடம் முதல் அக்ரிமென்டை மறைக்காமல் காட்டுங்கள். அவர் புரோமோட்டருக்கு டிடியாகவே கொடுக்கட்டும், மீதியை உங்களுக்கு. ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் அக்ரிமென்ட் ரத்து, பவர் ரத்து, கிரயம் மூன்றும் வரிசையாகப் பதிவாக வேண்டும். கிரயப் பத்திரத்தில் புரோமோட்டர் ஒப்புதல் தரும் தரப்பாகக் கையெழுத்துப் போட வேண்டும். மூலப்பத்திரம் மேஜைக்கு வந்த பிறகுதான் டிடி கை மாற வேண்டும். பத்திரத்தை நாளைக்குத் தருகிறேன் என்று புரோமோட்டர் சொன்னால் நாளைக்கே பதிவு வைத்துக்கொள்ளுங்கள். பவரில் பணம் வாங்கியதாக ஒரு வாசகம் இருக்கிறது, அதனால் அவர் சம்மதமில்லாமல் அதை ரத்து செய்வது வம்பு.

நன்செய்யாகவே விற்பதில் ஒரு சௌகரியமும் உண்டு. நகராட்சி எல்லைகளிலிருந்து சட்டம் சொல்லும் தூரத்துக்கு அப்பால் இருக்கும் விவசாய நிலமென்றால் மூலதன ஆதாய வரி வராது. மனையாக்கி விற்றால் அந்தக் கணக்கே வேறு. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

புரோமோட்டர் பேச்சுக்கே வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ், ஆனால் ‘ரத்து செய்கிறேன்’ என்று அல்ல. அப்ரூவல் மனு எண் என்ன, எந்த நிலையில் இருக்கிறது என்று 15 நாளில் தெரிவிக்கவும். இல்லையேல் 60 நாளுக்குள் மீதியைக் கட்டிக் கிரயம் பெறவும் என்று கேட்கும் நோட்டீஸ். அவர் 44 லட்சத்தோடு வந்துவிட்டால் மா 6 லட்சத்துக்கே எழுதிக் கொடுக்க வேண்டியதுதான், அதைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். அதற்குள் பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்திருக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் தங்கை கையெழுத்து வேண்டும், முதலில் அவர் வீட்டுக்குப் போங்கள். பேச்சுவார்த்தைக்கு மைத்துனரை அழைக்காதீர்கள்.