செயற்கூறு நிரலாக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: செயற்கூறு நிரலாக்கம் (வெளியே உள்ளதை மாற்றாமல் விடையை மட்டும் தரும் செயற்கூறுகளைக் கோத்து நிரல் எழுதும் முறை) என்றைக்காவது பரவலான புழக்கத்துக்கு வருமா?

ப: பெரும்பகுதி வந்துவிட்டது. 1958இல் லிஸ்ப் மொழியோடு முளைத்த லாம்டா என்ற பெயரில்லாத சிறு செயற்கூறு, 2007இல் சி ஷார்ப்புக்குள்ளும் 2011இல் சி பிளஸ் பிளஸ்ஸுக்குள்ளும் 2014இல் ஜாவா 8க்குள்ளும் நுழைந்தது. முழுக்கச் செயற்கூறு மொழியான ஹாஸ்கெல் ஜாவாவின் இடத்தைப் பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த நிரல்களை எந்த நிறுவனமும் எளிதில் கைவிடாது.

கே: ஒவ்வொரு பதிவாக எடுத்துச் செயல்படும் ஃபார்ஈச்சுக்குள், வெளியே உள்ள ஒரு பட்டியலில் பதிவுகளைச் சேர்க்கிறேன். வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில் செய்யும் பேரலல் ஸ்ட்ரீமுக்கு மாற்றியதும் பத்தாயிரம் பதிவுகளில் சில காணாமல் போகின்றன. ஜாவாவில் கோளாறா?

ப: கோளாறு உங்கள் நிரலில்தான். வெளியே ஓர் அர்ரேலிஸ்ட் பட்டியலை வைத்துக்கொண்டு, ஃபார்ஈச்சுக்குள் ஒவ்வொரு பதிவையும் அதில் சேர்க்கிறீர்கள். இரண்டு த்ரெட்கள் (நிரலுக்குள் ஒருசேர ஓடும் செயலோட்டங்கள்) ஒரே நேரத்தில் பட்டியலின் நீளத்தை 57 என்று படித்து, இரண்டுமே அந்த இடத்தில் எழுதினால், முதலில் எழுதிய பதிவு அழிந்துபோகும். பல த்ரெட்கள் ஒருசேரத் தொடுவதற்கு அர்ரேலிஸ்ட் ஏற்றதல்ல என்று ஜாவாவின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் மொழியின்மேல் பழி போடுவது முறையல்ல. ஃபார்ஈச்சை நீக்கிவிட்டு, முடிவுகளைத் தானே பாதுகாப்பாகத் திரட்டித் தரும் கலெக்ட் எழுதுங்கள். நான் முன்பு பணியாற்றிய நிறுவனமொன்றில் மாத இறுதிக் கணக்கில் இதே பிழை புகுந்தது. சோதனையில் இருபது முப்பது பதிவுகளே இருந்ததால் எல்லாம் சரியாக ஓடியது. உண்மைத் தரவு வந்த பிறகு, விடுபட்ட தொகைகளைத் தேடி இரண்டு இரவுகள் விழித்திருந்தோம். லாம்டாவுக்குள்ளிருந்து வெளியே உள்ள எதையும் மாற்றாதீர்கள் என்று எத்தனையோ முறை எழுதிவிட்டேன், மீண்டும் எழுதுகிறேன். தூய செயற்கூறு எது, தூய்மையற்றது எது என்பதைத் தமிழ்நாட்டின் பிளஸ் 2 கணினி அறிவியல் பாடநூல் முதல் பாடத்திலேயே விளக்குகிறது. ஆனால் வேலைக்கு வருபவர்கள் மதிப்புகளை உருமாற்றும் மேப், வடிகட்டும் ஃபில்டர் என்ற பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, செயற்கூறு வெளியே உள்ளதை மாற்றுவதைக் குறிக்கும் பக்க விளைவு என்ற சொல்லை மறந்துவிடுகிறார்கள். பரவல் இன்னும் அரைகுறையாக இருப்பது இந்த இடத்தில்தான்.

கே: பெரிய அளவில் இதை நம்பியவர்கள் உண்டா?

ப: உண்டு. எரிக்சன் நிறுவனம் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கிய எர்லாங் என்ற செயற்கூறு மொழியில்தான் வாட்ஸ்ஆப்பின் சர்வர்கள் எழுதப்பட்டன. 2014இல் ஃபேஸ்புக் வாட்ஸ்ஆப்பை வாங்கியபோது பயனர்கள் சுமார் 45 கோடி, பொறியாளர்கள் முப்பது சொச்சம். எர்லாங்கில் ஒரு மாறிக்கு ஒருமுறை கொடுத்த மதிப்பை மாற்ற முடியாது என்பதையும் கவனியுங்கள்.

கே: பைத்தானில் லூப்புக்குப் பதிலாக எங்கும் தற்சுழற்சி (செயற்கூறு தன்னைத்தானே அழைப்பது) எழுதலாமா?

ப: வேண்டாம். பைத்தானில் தற்சுழற்சியின் இயல்பான வரம்பு ஏறத்தாழ ஆயிரம் அழைப்புகள்தான்.

கே: செயற்கூறு மொழிகளில் படிகளைக் கோத்து இணைக்கும் கருத்தான மோனாட் புரியாமல் தொடங்க முடியாதா?

ப: தாராளமாக முடியும். எக்செல்லில் சி1க்குச் சூத்திரம் எழுதும்போது, அது ஏ1ஐயும் பி1ஐயும் படிக்குமே தவிர அவற்றைத் திருத்தாது. அதே பழக்கத்தோடு உங்கள் அடுத்த செயற்கூறை எழுதுங்கள். மோனாட் பிறகு வரட்டும்.