வால்பாறை வழியாகச் சாலக்குடி: போகும்போதா, திரும்பும்போதா?

கேள்வி: திருப்பூரிலிருந்து காரில் இரிஞ்சாலக்குடாவில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம். மறுநாள் காலை முகூர்த்தம். பாலக்காடு வழியை விட்டுவிட்டு வால்பாறை, மலக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகப் போனால் அருவியையும் பார்த்துவிடலாம் என்கிறான் மகன். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் ராத்திரிக்குள் போய்ச் சேருவோமா? அம்மாவுக்கு 68 வயது, வளைவில் தலை சுற்றும்.

பதில்: சேர மாட்டீர்கள். மதியம் கிளம்பினால் அன்று ராத்திரி வால்பாறையில்தான் தங்க வேண்டியிருக்கும், முகூர்த்தம் கைவிட்டுப் போகும்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 65 கி.மீ., அங்கிருந்து மலக்கப்பாறை 27 கி.மீ. போல, அப்புறம் இரிஞ்சாலக்குடாவுக்குப் பக்கத்திலுள்ள சாலக்குடிக்கு இன்னும் 80. மொத்தம் 170 கி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் இந்தப் பாதையில் கிலோமீட்டரைக் கணக்குப் போட்டுப் பயனில்லை. மலக்கப்பாறைக்கும், அதிரப்பள்ளிக்குப் பக்கத்திலுள்ள வாழச்சாலுக்கும் நடுவே 50 கி.மீ. போல அடர்ந்த காடு. இரண்டு முனையிலும் கேரள வனத்துறையின் செக்போஸ்ட் இருக்கிறது. ராத்திரியில் வண்டி விட மாட்டார்கள். காலை 6 மணிக்குத் திறக்கிறார்கள். மாலை 6 என்பது நீங்கள் காட்டை விட்டு வெளியே வந்திருக்க வேண்டிய நேரம், உள்ளே நுழையும் நேரம் அல்ல. அதனால் நுழைவை முன்னதாகவே நிறுத்திவிடுவார்கள், பைக்குகளை இன்னும் முன்னதாக. மதியம் 2 மணிக்குள் மலக்கப்பாறை செக்போஸ்ட் கேட்டைத் தொட முடியாது என்று தெரிந்தால் நான் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பவே மாட்டேன். நீங்கள் 1 மணிக்குத் திருப்பூரில் கிளம்பினால் வால்பாறை சேரவே 5 ஆகிவிடும்.

அதனால் போகும்போது பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் வழியே போங்கள். வடக்கஞ்சேரி தாண்டி குதிரான் சுரங்கம் வந்த பிறகு அந்தப் பழைய ஏற்றத்து நெரிசல் இல்லை. மாலையிலேயே சேர்ந்துவிடலாம்.

திரும்பும்போது மலைப் பாதையில் வாருங்கள், ஆனால் இரண்டு நாளாக. உங்கள் மகனின் ஆசை நியாயமானதுதான். தென்னிந்தியாவில் இப்படி ஒரு சாலை அதிகம் இல்லை. கேரளத்தில் அது மாநில நெடுஞ்சாலை 21, நம் பக்கம் 78. சாலக்குடியில் விடியற்காலை கிளம்பி, அதிரப்பள்ளியைப் பார்த்துவிட்டு, 10 மணிக்குள் வாழச்சால் கேட்டுக்கு வந்துவிடுங்கள். வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துச் சீட்டுத் தருவார்கள். அடுத்த முனையில் அதைப் பார்ப்பார்கள். நடுவில் இறங்கி உட்கார்ந்து சாப்பிடும் இடம் அல்ல அது. போன் சிக்னலும் கிடைக்காது. பெட்ரோலைச் சாலக்குடியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

யானையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2022 நவம்பரில் கபாலி என்று அங்குள்ளவர்கள் அழைக்கும், தனியாகத் திரியும் கொம்பன் யானை எதிரே வர, ஒரு தனியார் பஸ்ஸை அதன் ஓட்டுநர் சுமார் 8 கி.மீ. பின்பக்கமாகவே ஓட்டி வந்தார். சாலை அவ்வளவு குறுகல், வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. யானை நின்றால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். ஹாரன் வேண்டாம், விளக்கைப் போட்டு அணைக்க வேண்டாம், போன் எடுத்துக்கொண்டு யாரும் இறங்க வேண்டாம். அது போகும்வரை காத்திருங்கள், வழி அதனுடையது.

மலக்கப்பாறை தாண்டியதும் மழுக்குப்பாறையில் தமிழக செக்போஸ்ட். 2025 நவம்பர் 1 முதல் ஊட்டி, கொடைக்கானல் போல வால்பாறைக்கும் இ-பாஸ் உண்டு; வீட்டிலிருந்தே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சோலையாறு அணை, தேயிலைத் தோட்டங்கள், வால்பாறை. ராத்திரி அங்கே தங்கிவிடுங்கள்.

மறுநாள் காலை இறக்கம்: ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். எண் பலகை கீழிருந்து தொடங்குவதால் நீங்கள் 40-லிருந்து இறங்குவீர்கள். அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, வயிறு முட்டச் சாப்பிடாமல் இரண்டு இட்லியோடு கிளம்புங்கள். வண்டியை இரண்டாவது கியரில், தேவையானால் முதல் கியரில் இறக்குங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாசனை வந்தால் அகலமான இடத்தில் ஓரம் கட்டி அரைமணி ஆறவிடுங்கள். மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முதல் உரிமை. இறங்குபவர் நீங்கள் என்பதால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும்.

வால்பாறை ஊரை விட்டு வெளியே வந்ததும் புதுத்தோட்டம் பக்கம் மெதுவாகப் போங்கள். சோலை மந்திகள் அங்கே சாலையைக் கடக்கும். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் குரங்கு அது. மரத்துக்கு மரம் தாவ முடியாமல் இறங்கி வந்து வண்டியில் அடிபடுகின்றன என்றுதான் மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள். ஒரு பிஸ்கட் துண்டுகூடப் போடாதீர்கள். தின்பண்டம் கிடைத்தால் அவை சாலைக்கே வரப் பழகிவிடும். 9-வது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. ஆழியாறு அணை முழுக்கக் கீழே தெரியும், பாறையில் வரையாடும் நிற்கும். அம்மாவுக்கு அங்கே பத்து நிமிடம் காற்று வாங்கக் கொடுங்கள்.

கல்யாணம் ஜூன் முதல் அக்டோபருக்குள் என்றால், கிளம்பும் நாளன்று காலை சாலக்குடியிலேயே பாதை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். கனமழையில் மண் சரிந்தால் காட்டுப் பகுதியை மூடிவிடுவார்கள். அப்படியானால் போன வழியிலேயே, பாலக்காடு சுற்றித் திரும்பிவிடுங்கள்.